குதிரைக்கு வந்த காய்ச்சல்

குதிரையின் மூக்கில் பஞ்சுக்குச்சி விடுவதற்கு முன்னால் அதன் காதோடு நாலு வார்த்தை பேச வேண்டும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது. ராபிகா தன் ஐம்பத்தெட்டு வயதில் பாதிக்கு மேல் ஆட்டோடும் குதிரையோடும் கழித்துத் தெரிந்துகொண்டது. செம்பழுப்புப் பெட்டை ஒன்றின் தாடைக்கு அடியில் இடது கையைக் கொடுத்து, தன் கன்னத்தை அதன் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லடி கண்ணு, ஒண்ணுமில்ல, இதோ ஆச்சு" என்று சொல்லியபடியே முழ நீளக் குச்சியை மெதுவாக உள்ளே விட்டாள். குதிரை கண்ணை உருட்டியது, பின்னங்காலால் மண்ணைக் கிளறியது, ஆனாலும் நின்றது. குச்சியை எடுத்ததும் தலையைத் தாழ்த்தி இருமியது. அடிவயிற்றிலிருந்து வருகிற வறட்டு இருமல். அதைக் கேட்ட பிறகு டெஸ்ட் எடுப்பதே வெறும் சம்பிரதாயம் என்று ராபிகாவுக்குத் தோன்றியது.

வேலியில் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எர்மெக் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"என்னா கொஞ்சல், என்னா கொஞ்சல்! சம்பந்தியம்மா, எம் பொண்டாட்டி கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு தடவைகூட என்கிட்ட இப்படிக் கன்னத்தோட கன்னம் வச்சுப் பேசினதில்ல."

"நீங்க ஒரு நாளாவது இவ்வளவு அடக்கமா நின்னிருக்கீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல."

எர்மெக் தொண்டை கிழியச் சிரித்தார். குதிரை மேய்க்கிற எங்கள் பக்கத்தில் சம்பந்திகளுக்குள் வாய் சும்மா இருந்தால்தான் ஏதோ தகராறு என்று அர்த்தம். தூங்குகிற சம்பந்தியின் சட்டையை மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள், முகத்தில் மாவைப் பூசுவார்கள், வாய்க்காலில் தள்ளிவிடுவார்கள். கோபித்துக்கொண்டவருக்கு அத்தோடு மானம் போச்சு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஜனாரின் கல்யாணத்தில் இதே எர்மெக், ராபிகாவின் கைப்பையில் உயிருள்ள கோழிக்குஞ்சை வைத்துக் கட்டியவர்.

ராபிகா இப்போது வந்ததற்கு இரண்டு காரணங்கள். மறுநாள் பேத்தி இன்ஜு பிறந்து நாற்பது நாள் முடிகிறது. நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும் சடங்கு. அதே நாளில் இந்த வருஷத்துக்கு முதல் தடவையாகப் பால்குதிரைகளைக் கயிற்றில் கட்டிக் கறப்பதென்று எர்மெக் பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டாவது காரணம், முந்தாநாள் ஜனார் போனில் சொன்ன செய்தி. "அக்கா, குதிரைங்க எல்லாம் இருமுதுக்கா. வரப்ப உங்க பெட்டியையும் எடுத்துட்டு வந்துருங்க."

அக்கா என்று கூப்பிட்ட ஜனார், ராபிகா வயிற்றில் சுமந்து பெற்ற மகள். ஒரே மகள். தலைச்சன் பிள்ளை தாத்தா பாட்டியுடையது என்பது எங்கள் வழக்கம். பையன் வீட்டுப் பெரியவர்கள் அதைத் தங்கள் மடியில் போட்டுத் தங்கள் பிள்ளையாகவே வளர்ப்பார்கள். ராபிகாவின் மாமியார் பிபிஷும் அப்படித்தான் நாற்பதாம் நாளில் ஜனாரை எடுத்துக்கொண்டாள். ஜனாருக்கு அவள்தான் அம்மா. வேலை பார்க்கிற ஊரிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மிட்டாயும் பொம்மையுமாக வந்து இறங்குகிற ராபிகா, அக்கா. எட்டு வயதிலேயே ஜனாருக்கு உண்மை தெரியும், யாரும் மறைக்கவில்லை. ஆனால் கூப்பிட்ட வாய் அப்படியே பழகிவிட்டது. பிபிஷ் இறந்து நாலு வருஷமாகியும் பழக்கம் மாறவில்லை.

குழந்தையைக் கொடுத்துவிட்டு ராபிகா போன இடம் ஆய்வுக்கூடம். புல்வெளிக்கு நடுவே நாலு கட்டடமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். அங்கே அவள் வேலை ஆடுகளுக்குச் சினை பிடிக்க வைப்பது. உயர்ந்த சாதிக் கிடாவின் விந்தை உறையவைத்து, பனிப்புகை பறக்கும் பெரிய உலோகக் குடுவைகளில் சேமித்து, கூட்டுப்பண்ணைகளுக்குக் கொண்டுபோய்ச் சினை ஊசி போடுவாள். "கிடா இல்லாம குட்டி போட வைக்கிற மந்திரக்காரி" என்று மேய்ப்பர்கள் கேலி செய்வார்கள். பட்ட ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது தாயாடும் குட்டியும். ஈன்ற ஆடு குட்டியை மோந்து பார்த்து எப்படித் தன்னுடையது என்று கண்டுகொள்கிறது, எத்தனை நேரத்துக்குள் மோந்து பார்க்காவிட்டால் உதைத்துத் தள்ளிவிடுகிறது என்று தொழுவத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பாள். பட்டம் கிடைத்தது. பாராட்டும் கிடைத்தது. அதற்கடுத்த வருஷமே அந்தப் பெரிய தேசம் பல துண்டாக உடைந்து இல்லாமல் போயிற்று.

சம்பளம் நின்றது, மின்சாரம் நின்றது, குடுவைகளுக்கு ஊற்ற வேண்டிய திரவ நைட்ரஜன் லாரியும் நின்றது. பதினைந்து வருஷமாகப் பலபேர் சேமித்துவைத்த விந்து முழுக்க ஒரே வாரத்தில் உருகி வீணானது. பாதிப்பேர் சந்தையில் துணி விற்கப் போனார்கள். ராபிகா போகவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் மூச்சுநோய்க் கிருமிகளை ஆராய்கிறவர்களுக்கு மிருகங்களைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. குதிரைக் காய்ச்சல் பரவிய ஒரு குளிர்காலத்தில் அவர்களோடு போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். எந்தக் குடுவைகளில் கிடாக்களின் விந்து இருந்ததோ, அதே குடுவைகளைக் கழுவித் துடைத்து வைரஸ்களை வைத்தார்கள். "உசிர வச்சிருந்த இடத்துல எமன வச்சுட்டோம்" என்று சொல்லிச் சொல்லி அவளும் கூட வேலை பார்த்தவர்களும் சிரிப்பார்கள். கணவன் ஸாபித் இருந்தவரை, வேறு பிள்ளைக்கு இரண்டுபேரும் ஆசைப்பட்டார்கள். தங்கவில்லை. பிறகு ஜனாருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் வயிறு திறக்காமல் இருந்தபோது, ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப்பானையில் விழுந்த கதைதான் என்று யாரோ சொன்னது ராபிகா காதுக்கும் வந்து சேர்ந்தது. கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஏழு குதிரைகளுக்கு மூக்கில் குச்சி விட்டு முடித்து, கைகழுவி வீட்டுக்குள் போனபோது, கலீமா தொட்டிலுக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். கலீமா, எர்மெக்கின் மனைவி, ஜனாரின் மாமியார். பூசினாற்போன்ற உடம்பு, தெறித்து விழுகிற பேச்சு, எதையும் சுத்தமாகச் செய்கிற கை. தொட்டில் இருந்தது கலீமாவும் எர்மெக்கும் படுக்கிற அறையில். அலமாரியில் பால்மாவு டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன.

"நாளைக்குத் தண்ணி ஊத்தினதும் இங்கதான்," என்றாள் கலீமா. தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினாள். "வெயில் காலைல இந்தப் பக்கம் அடிக்கும், மத்தியானம் அடிக்காது. ஜனாரும் பாவம், எத்தனை நாளைக்கு லீவு போடுவா? பள்ளிக்கூடம் திரும்பிப் போகட்டும். வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துக்கட்டும். நான் வளத்துக்கறேன் என் ராசாத்திய. எட்டு வருஷம், சம்பந்தியம்மா! எட்டு வருஷம் இந்தத் தொட்டில் பரண்ல கெடந்துச்சு."

ராபிகா தலையாட்டினாள். அன்று பிபிஷ் கூட ஏறக்குறைய இதையேதான் சொன்னாள், அவள் சொன்னது வெயிலுக்குப் பதில் அடுப்பு.

ஜனார் பின்கட்டில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ராபிகா போய்ப் பக்கத்தில் நின்று ஒரு துணியை எடுத்து உதறினாள். ஆளுக்கு ஒரு பக்கமாகத் துணி போட்டார்கள். அவர்களுக்குள் எப்போதும் அப்படித்தான். மரியாதை நிறைய உண்டு, பேச்சு குறைவு.

"அக்கா," என்றாள் ஜனார், கயிற்றைப் பார்த்தபடியே. "எனக்குக் குடுக்க மனசில்லக்கா."

ராபிகாவுக்குக் கையிலிருந்த துணி நழுவியது. பிடித்துக்கொண்டாள்.

"தானியார் என்ன சொல்றாரு?" மருமகன் தானியாருக்கு மேற்கே எண்ணெய்க் கிணறுகளில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவான்.

"அவர் என்ன சொல்வாரு? 'அம்மா ஆசைப்படறாங்க, நாம இன்னொண்ணு பெத்துக்கலாம்'ங்கறாரு. எட்டு வருஷம் ஆச்சு இதுக்கு. இன்னொண்ணாம்!" ஒரு துணியை ஓங்கி உதறினாள். "மருமக நான் வாயத் திறந்தா அடங்காப்பிடாரின்னுவாங்க. அம்மா இருந்தா அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். இப்ப எனக்காகப் பேச உங்கள விட்டா யாரு இருக்கா?"

அம்மா இருந்தால். ராபிகாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும், தைத்த இடத்திலேயே ஒரு சந்தோஷமும் இருந்தது, வெட்கமில்லாமல். முப்பத்து நாலு வருஷத்தில் இந்தப் பெண் அவளிடம் கேட்கிற முதல் உதவி இது. மிட்டாய்கூடக் கேட்டதில்லை.

"நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பேசறது?" என்றாள் ராபிகா. "நானே குடுத்தவ. 'நீ மட்டும் குடுத்தியே'ன்னு ஒரு வார்த்தை கேட்டா?"

ஜனார் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "குதிரைக் காய்ச்சல்னு சொல்லிருங்களேன். குழந்தைக்கும் ஒட்டிக்கும்னு. நீங்க சொன்னா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. யாருக்கும் மனசும் நோகாது."

"அடிப் பாவி," என்றாள் ராபிகா. சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

டெஸ்ட் பட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தபோது தேநீர் நேரம். தாழ்வான வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கலீமா பால் ஊற்றிய தேநீரைக் கிண்ணம் கிண்ணமாக நீட்டினாள். ஜனார் குழந்தையோடு வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"குதிரைக் காய்ச்சல்தான்," என்றாள் ராபிகா. "பயப்பட வேண்டாம். ரெண்டு மூணு வாரம் ஓய்வு குடுத்தா தேறிடும். ஆனா நாளைக்குக் கயித்துல சேத்துக் கட்டக் கூடாது. ஒண்ணுக்கு ஒண்ணு மூக்கால ஒட்டிக்கும். வர்றவங்களும் குதிரையில வரக் கூடாது. அவங்க மந்தைக்கும் போயிரும்."

"குதிரையில வராம?" எர்மெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நடந்தா வருவானுங்க? கொல்லைக்குப் போறதுக்கே குதிரைக்குச் சேணம் கட்றவனுங்க சம்பந்தியம்மா!"

"நடக்கட்டும். தொப்பை குறையும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜனார் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராபிகாவின் நாக்கு, இருபத்தைந்து வருஷமாக ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொல்லாத நாக்கு, தானாகப் புரண்டது.

"இன்னொண்ணு. பச்சைக் குழந்தைய இங்க வச்சிருக்கறது நல்லதில்ல. மூச்சுல சம்பந்தப்பட்ட வியாதி பாருங்க. ஜனாரையும் குழந்தையையும் நான் கூட்டிட்டுப் போறேன்."

கலீமாவின் கையிலிருந்த கெண்டி அந்தரத்தில் நின்றது. "எத்தனை நாளைக்கு?"

"சொல்ல முடியாது." பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள், ஒன்று சொன்னால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. "குதிரைங்க இருக்கற வரைக்கும் பயம்தான்."

எர்மெக் எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"அப்ப குதிரைங்க இருக்காது," என்றார். "வியாபாரி மாமுத்துக்கு போன் போடறேன். நாளைக்குக் காலைல லாரியோட வந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போகட்டும். கறிக்கோ வளக்கவோ, அவன் பாடு." சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை மனுஷன்.

"போகட்டும் சனியன்," என்றாள் கலீமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குதிரைய அப்புறம் வாங்கிக்கலாம். குழந்தை எங்கேயும் போக வேண்டாம். அந்தப் பட்டியையே கொளுத்திடச் சொல்றேன்."

ராபிகா உட்கார்ந்த இடத்தில் வேர்த்துப்போனாள். நாற்பது குதிரைகள். அதில் ஒரு கறுப்புப் பொலிகுதிரை எர்மெக்கின் உயிர். அது ஓடிவந்தால் பெண்டாட்டியின் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து பார்ப்பார். அது மட்டுமா? இருமுகிற குதிரைகளை மாமுத் மூன்று சந்தைகளில் கொண்டுபோய் இறக்குவான். டாக்டர் ராபிகாவே சொன்னாளாம், குழந்தைக்கு ஒட்டுமாம் என்று இன்று ராத்திரிக்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு ஓடும். குழந்தை இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எழுந்து தொப்பியை எடுப்பார்.

அந்த வீட்டில் போன் பேச வேண்டுமென்றால் பின்னாலிருக்கிற மேட்டில் ஏற வேண்டும். ராபிகா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். மேடெல்லாம் பாப்பிச் செடிகள் பூத்துக் கிடந்தன. மிதித்துக்கொண்டே ஏறினாள். மூச்சு இரைத்தது. உச்சியில் எர்மெக் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "அலோ! மாமுத்! கேக்குதாடா?"

அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம். பேசாதீங்க. பொய்."

"எது பொய்?"

"நான் சொன்னது. இது மனுஷங்களுக்கு ஒட்டாது. குதிரையோட சரி. நான் எத்தனை ஆயிரம் குதிரை மூக்குல கை விட்டிருப்பேன், எனக்கே வந்ததில்ல." பூக்களின் மேலேயே உட்கார்ந்தாள். "ஜனாருக்குக் குழந்தையக் குடுக்க இஷ்டமில்ல. அத நேரா சொல்ல எனக்கு வாய் வரல. பழியத் தூக்கி வைரஸ் தலையில போட்டுட்டேன்."

போனில் மாமுத்தின் குரல் அலோ அலோ என்று கத்தியது. எர்மெக் அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கீழே மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. அதில் அந்தக் கறுப்புக் குதிரையைத் தேடிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தையில வித்திருப்பேன்," என்றார்.

"தெரியும் சம்பந்தி. அதான் ஓடி வந்தேன்."

"இவ்வளவு படிச்சீங்க, பொய் சொல்லக் கத்துக்கலையே." கேலியாகத்தான் சொன்னார், ஆனால் அதில் சிரிப்பு இல்லை. கையைக் கொடுத்து அவளை எழுப்பிவிட்டார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? தொட்டில் கட்டினவ கீழ இருக்கா. போய் அவகிட்ட சொல்லுங்க."

கலீமா மறுநாளைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ராபிகா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியிலேயே கலீமாவின் கை நின்றுவிட்டது. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"ஓகோ," என்றாள். "அப்ப பிபிஷம்மா செஞ்சது தப்பு. தப்பான ஒருத்தி வளத்த பொண்ணதான் நாங்க மருமகளாக் கொண்டாந்திருக்கோம், இல்ல?"

"எங்க மாமியார் தங்கம். அவங்க வளத்த மாதிரி நான் வளத்திருக்க மாட்டேன்."

"பின்ன?"

"அவங்க வளத்தது தப்பில்ல. எனக்கு வலிச்சது பொய்யில்ல. ரெண்டும் நெசம் சம்பந்தியம்மா." ராபிகாவுக்குத் தன் குரலே புதிதாக இருந்தது. இதை ஸாபித்திடம்கூட அவள் சொன்னதில்லை. "நாப்பதாம் நாள் பஸ் ஏறினேன். மறுநாள் தொழுவத்துல உக்காந்து எந்த ஆடு எந்தக் குட்டிய மோந்து பாக்குதுன்னு எழுதறேன், என் ரவிக்கை ரெண்டு பக்கமும் நனைஞ்சு ஒழுகுது. ஆடு மேய்க்கறவன் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். வழக்கம், எல்லாரும் குடுக்கறாங்க, நாமளும் குடுத்தோம்னு நெனச்சேன். ஜனார் குடுக்க மாட்டேங்கறா. அவளுக்கு என்னைவிடத் தைரியம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

கலீமா மாவுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"எனக்கு ஒரே பையன்," என்றாள் மெதுவாக. "அவனும் எண்ணெய்க் கெணத்துக்குப் போயிட்டான். இந்த மனுஷன் விடிஞ்சா குதிரைக்குப் பின்னாடி. வீட்ல ஒரு சத்தம் வேண்டாமா? ஒரு அழுக, ஒரு சிரிப்பு? நீங்களாவது ஆபீசு, ஆராய்ச்சின்னு போனீங்க. நான் எங்க போவேன்?"

ராபிகா குனிந்து, தரையில் சிந்தியிருந்த மாவைக் கையால் கூட்டினாள்.

"போங்க, போய் உக்காருங்க," என்றாள் கலீமா, மாவை ஓங்கி ஒரு குத்து விட்டு. "பொய் சொன்னீங்க பாருங்க, அத நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ராபிகா கொல்லைப்புறப் படியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்சநேரத்தில் ஜனார் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தாள். குழந்தை தூங்கிவிட்டது போலும். சமையலறையில் பேசியது சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கும். அந்த வீட்டுச் சுவர்கள் அப்படி.

"பஸ் ஏறதுக்கு முன்னாடி," என்றாள் ஜனார், திரும்பாமல், "என் உச்சிய மோந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"மோந்து பாத்திருந்தா பஸ் ஏறியிருக்க மாட்டேன்டி."

ஜனார் தலைமுடிச்சை அவிழ்த்து, கழுத்தைச் சாய்த்து, ராபிகாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். முப்பத்து நாலு வயதுத் தலை. வகிட்டில் இரண்டு நரைமுடி. ராபிகா குனிந்தாள். அடுப்புப் புகை, சோப்பு, புளித்த பால், அதற்கும் அடியில் வேறொன்று. மோப்பத்தைப் பற்றியே பட்ட ஆய்வு எழுதியவளுக்கு அது என்ன வாசனை என்று பெயர் சொல்லத் தெரியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஜனார் தலையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை விருந்தாளிகள் நடந்து வந்தார்கள். எர்மெக் விடியலிலேயே ஆளனுப்பி எச்சரித்திருந்தார். மலைச்சரிவில் வரிசையாக இறங்கினார்கள், சவாரிக்கென்றே தைத்த உயரமான பூட்ஸுகளில் தடுமாறிக்கொண்டு, பிறந்ததிலிருந்து இவ்வளவு தூரம் நடந்ததில்லை என்று வசை பாடிக்கொண்டு. "எர்மெக், உன் குதிரைக்கு இருமல்னா எங்களுக்கு எதுக்குடா தண்டனை?" என்று ஒரு கிழவர் தூரத்திலிருந்தே கத்தினார். கறக்காத குதிரைகள் தனித்தனியாகத் தொலைவில் நின்று இருமின. எர்மெக் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், வழக்கமான குரலில்தான். ராபிகாவை மட்டும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. கேலியும் பேசவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தை கேலி இல்லை என்பது ராபிகாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

உள்ளே பெண்கள் கூடினார்கள். மரத்தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், அடியில் வெள்ளிக் காசுகள். கலீமா குழந்தையைக் கையில் ஏந்தி உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியும் வந்து ஒரு கரண்டி ஊற்றி வாழ்த்தினாள்: கை சுத்தமாக இருக்கட்டும், நாக்கு இனிப்பாக இருக்கட்டும், நடந்த இடத்தில் புல் முளைக்கட்டும். இன்ஜு முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு பழகிப்போய்க் கண்ணை அகல விழித்து எல்லோரையும் வேடிக்கை பார்த்தாள். முந்தின இரவு முழுக்க கலீமாவும் எர்மெக்கும் தணிந்த குரலில் பேசிக்கொண்டது ராபிகாவின் காதில் விழுந்தது, என்ன பேசினார்கள் என்பது மட்டும் விழவில்லை. ஜனார் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

கடைசிக் கரண்டி முடிந்தது. இனிக் குழந்தையைத் துடைத்து, வளர்க்கப்போகிறவள் மடியில் போட வேண்டும். பெண்களெல்லாம் கலீமாவைப் பார்த்தார்கள். அவளிடம்தான் இருக்கிறதே, யாரிடம் கொடுக்க வேண்டும்? கலீமா குழந்தையை முகத்தருகே தூக்கி, ஈர உச்சியில் மூக்கை வைத்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். அதை விடவே மாட்டாள் போலிருந்தது. பிறகு எழுந்து, ஜனாரைத் தாண்டி, ராபிகாவின் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தாங்க," என்றாள். "நீங்களே குடுங்க. குடுத்துப் பழக்கம் உங்களுக்குத்தான் உண்டு."

பெண்களில் யாரோ ஒருத்தி உஸ் என்றாள். ராபிகா கைகளை நீட்டினாள். வழுக்குகிற, சூடான, நெளிகிற கனம் கைக்கு வந்தது. எதிரே ஜனார். இரண்டடிதான். அந்த இரண்டடியை நடக்க ராபிகாவுக்குக் கால் வரவில்லை. அவளுக்கும் ஆசை வந்தது, கேட்டீர்களா, அந்தக் கணத்தில், இந்தக் குழந்தையை யாருக்கும் கொடுக்காமல் அப்படியே காரில் ஏறிப் போய்விட. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஜனார் துண்டோடு சேர்த்துக் குழந்தையை வாங்கி மார்பில் அழுத்திக்கொண்டாள். வாங்கும்போது அவள் விரல்கள் ராபிகாவின் விரல்களை ஒரு முறை இறுக்கிப் பிடித்து விட்டன. அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள், யாரோ மிட்டாயை அள்ளி இறைத்தார்கள், வெளியே கிழவர் பசிக்கிறதென்று கூப்பாடு போட்டார்.

ராபிகா திரும்பினாள். கலீமா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் குழந்தையை ஏந்திய வாக்கிலேயே மடங்கியிருந்தன, முழங்கை வரை ஈரம். தண்ணீர் சொட்டிப் பாயில் வட்டம் வட்டமாக விழுந்தது. ராபிகா தன் தலைத்துணியை உருவினாள். கலீமாவின் எதிரில் நின்று, முதலில் வலது கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள். கலீமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.